கண்ணி வைத்த சொல்

முதலாளி சிரித்தால் ஊரில் யாருக்கோ கெட்ட நேரம் என்று அர்த்தம். அன்று வெள்ளிக்கிழமை காலையிலேயே வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கத்திரி! உள்ள வாய்யா. எலி மாட்டிக்கிச்சு!"

கத்திரி என்பது அவன் பெயரில்லை. அந்த அகராதிப் பதிப்பகத்தில் அவன்தான் முதன்மை ஆசிரியர். மற்றவர்கள் நாலு வரி எழுதும் விளக்கத்தை நாலே வார்த்தையாக நறுக்கிவிடுவான். அதனால் வந்து, புத்தகக் கடைகள் வரை பரவிவிட்ட பட்டம். இப்போது அவன் மனைவிகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

முதலாளியின் மேஜையில் இரண்டு அகராதிகள் திறந்து கிடந்தன. ஒன்று அவர்களுடைய நீல அட்டை ஆங்கிலம்–தமிழ் அகராதி. தலையணைக்குப் பதிலாக வைத்துப் படுக்கலாம், அவ்வளவு கனம். இன்னொன்று பச்சை அட்டை. புத்தம் புதுசு. போன மாதம்தான் கடைக்கு வந்தது. யாரோ ஒரு பெண், கல்லூரி வேலையை விட்டுவிட்டுத் தனி ஆளாகத் தொகுத்ததாம். பள்ளிக்கூடங்களில் அதைக் கேட்டு வாங்க ஆரம்பித்திருந்தார்கள். முதலாளிக்குத் தூக்கம் போய் அன்றோடு ஒரு மாதம்.

"படி" என்று பச்சை அட்டையில் விரலை வைத்தார்.

கத்திரி குனிந்து பார்த்தான். நெஞ்சில் யாரோ குண்டூசி குத்தினது போலிருந்தது.

சோலிவகன்ட்.

அவனுடைய சொல்! அவனே பெற்ற சொல்!

அகராதித் தொழிலில் ஒரு பழைய தந்திரம் உண்டு. உலகத்திலேயே இல்லாத ஒரு சொல்லை உருவாக்கி, நிஜச் சொற்களுக்கு நடுவே ஒளித்து வைத்துவிடுவார்கள். அந்தத் தொழிலில் அதற்குக் கண்ணி என்று பெயர். அடுத்தவன் புத்தகத்தை அப்படியே சுருட்டி வெளியிட்டால், பொய்ச் சொல்லும் கூடவே போய்விடும். திருட வந்தவன் காலில் கோதுமை மாவை ஒட்டிக்கொண்டு போவது மாதிரி. எந்தச் சொல் கண்ணி என்பது இரண்டே பேருக்குத் தெரியும். முதலாளிக்கும் அதை உருவாக்கினவனுக்கும்.

கத்திரி வேலைக்குச் சேர்ந்த புதிதில் உருவாக்கியது அது. புது ஊர். வாடகை அறை. பேச ஒரு நாதி கிடையாது. சாயங்காலமானால் தெருத்தெருவாகத் தனியே நடப்பான். அந்த நாட்களில்தான் முதலாளி, "ஒரு கண்ணி தயார் பண்ணுய்யா, லத்தீன் வாசனை அடிக்கணும்" என்றார். எக்ஸ்ட்ராவகன்ட் என்ற சொல்லை எடுத்தான். லத்தீனில் எக்ஸ்ட்ரா என்றால் வெளியே. வகாரி என்றால் அலைவது. எல்லை தாண்டி அலைகிறவன்தான் ஊதாரி. தலையை வெட்டினான். அந்த இடத்தில் சோலுஸ் என்ற லத்தீன் சொல்லை வைத்தான். சோலுஸ் என்றால் தனி. சோலிவகன்ட் பிறந்தது. உரிச்சொல். பொருள்: துணையின்றி ஏங்கித் திரிகிற.

தன்னைத்தான் எழுதினான். யாருக்கும் தெரியாது.

"திங்கட்கிழமை கேஸ் போடறோம்" என்றார் முதலாளி. "கடையில ஒரு பிரதி இருக்கக் கூடாது. அந்தம்மா பேப்பர்ல மன்னிப்புக் கேட்கணும். நீ ஒரே ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். 'இந்தச் சொல் என் சொந்தக் கற்பனை, எனக்கு முன்னால உலகத்துல எங்கயும் கிடையாது'ன்னு. வக்கீல் டைப் அடிச்சுக் கொண்டாருவார்."

"ஆனா சார், பொருள் வேற மாதிரி இருக்கே. நம்மது 'ஏங்கித் திரிகிற'. இங்க 'தனியே சுற்றுவதில் மகிழ்கிற'ன்னு போட்டிருக்கு."

"யோவ், வண்டியத் திருடினவன் நம்பர் பிளேட்ட மாத்த மாட்டானா?"

அதுவும் சரிதான். கத்திரி பச்சைப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தான். வேறு என்னவெல்லாம் திருடியிருக்கிறாள் என்று பார்த்துவிடுவது. ஒன்று விடாமல்!

ஞாயிற்றுக்கிழமை காலை. சாப்பாட்டு மேஜையில் இரண்டு அகராதிகளையும் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டு, சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்திருந்தான். எதிரில் மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

திருட்டைத் தேடி ஆரம்பித்தவன், கொஞ்ச நேரத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான்.

லாம்பன்ட் என்ற சொல். நீல அட்டையில் 'மென்சுடர் வீசுகிற' என்று எழுதியிருந்தார்கள். எழுதினது அவன்தான். பச்சை அட்டையில்: 'பற்றிக்கொள்ளாமல் தொட்டுத் தொட்டுப் போகிற (சுடர்). லத்தீன் லாம்பெரே, நக்குதல். நாய்க்குட்டி கையை நக்குமே, அப்படி.'

சூப்பர்சிலியஸ். நீலத்தில் 'அகந்தையுள்ள'. பச்சையில்: 'புருவத்தைத் தூக்கியே எதிராளியைச் சிறியவனாக்குகிற. லத்தீன் சூப்பர்சிலியம், புருவம்.'

கத்திரியின் புருவம் தானாக மேலே போயிற்று.

"ஏங்க, எதிரியோட புத்தகத்தையா இப்படிப் பல் தெரியப் படிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"இல்லடி... இந்தப் பொம்பள சும்மா ஆள் இல்ல. ஒவ்வொரு வார்த்தையையும் கிட்டப் போயித் தொட்டுப் பாத்துட்டு வந்து எழுதியிருக்கா."

"அப்ப திருடலையா?"

"திருடியிருக்கா. அதான் புரியல. இவ்வளவு தெரிஞ்சவ ஏன் என் வார்த்தையப் போய்த் திருடணும்?"

மறுபடி பக்கங்களைத் தள்ளினான். ஓரிடத்தில், ஒரே ஒரு இடத்தில், நிஜமாகவே ஒரு பிழை அகப்பட்டது. "ஹா!" என்று துள்ளிச் சிவப்பில் வட்டம் போட்டான். ஆனால் அது திருட்டில்லை. வெறும் கவனக்குறைவு. ஏனோ அந்த வட்டத்தைப் பார்க்கப் பார்க்க அவனுக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது. வெள்ளைச் சட்டையில் மைத்துளி பட்டுவிட்ட மாதிரி.

நாளைக்குக் கையெழுத்து. அவன் போடப்போகும் கையெழுத்தில் இந்தப் புத்தகம் மொத்தமும் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும்.

எழுந்து சட்டையை மாட்டினான்.

"எங்க?"

"திருடியப் பாத்துட்டு வந்துடறேன்."

புத்தகத்தில் போட்டிருந்த முகவரி ஒரு டயர் கடையின் மாடி. கத்திரி தெருமுனையிலேயே ஸ்கூட்டரை நிறுத்தி, சுற்றும் முற்றும் பார்த்து, பின் சக்கரத்துக் காற்றைத் தானே பிடுங்கிவிட்டான். துப்பறிவாளன் என்ற நினைப்பு! தள்ளிக்கொண்டே கடைக்குப் போனான்.

கடைக்காரன் முண்டா பனியனும் கையெல்லாம் கறுப்புமாக இருந்தான். டியூபை வெளியே உருவித் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு குமிழி வரவில்லை.

"சார், ஆணி இல்ல, ஓட்டை இல்ல. காத்து என்ன, கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருச்சா?"

"அ... அது... தெரியலையே."

கடைக்காரன் பார்வை ஸ்கூட்டரின் முன்பையில் துருத்திக்கொண்டிருந்த பச்சை அட்டைக்குப் போயிற்று. சிரித்தான். "அக்காவப் பாக்கணும்னா நேரா படி ஏற வேண்டியதுதான சார்? வாயில்லாத வண்டி மேல ஏன் பழி போடறீங்க? அக்கா! ஆள் வந்திருக்கு!"

மாடி அறையில் ரப்பர் வாசனை. நாலு சுவரிலும் புகைப்படங்கள். மனிதர்கள் இல்லை, எழுத்துகள். மருந்து டப்பாவின் ஓரம், கப்பலின் பக்கவாட்டு, மிருகக்காட்சிசாலைப் பலகை, விதைப் பொட்டலம், பழைய அடுப்பின் அடிப்பாகம். ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லைச் சுற்றிப் பச்சை மையில் கோடு.

மேஜைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்தாள். கிட்டத்தட்ட அவன் வயதுதான். தலையில் இரண்டு பென்சில் செருகியிருந்தது. மூன்றாவதைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க சார். புத்தகம் வாங்கவா?"

"ஆமா. ஒரு பிரதி பாக்கலாமா?"

கொடுத்தாள். கத்திரி சாவதானமாகப் புரட்டுவது போல நடித்தான். அவள் ஒரு நிமிஷம் அவன் கையையே கவனித்தாள்.

"நீங்கதான கத்திரி?"

அவன் கையிலிருந்து புத்தகம் நழுவப் பார்த்தது. "எ... எப்படித் தெரியும்?"

"சாதாரண மனுஷன் அகராதிய நடுவுல திறப்பான். கெட்ட வார்த்தை இருக்கான்னு பாப்பான். நீங்க முன்னாடி இருக்கற சுருக்கக் குறியீட்டுப் பட்டியலப் படிக்கிறீங்க. அத இந்த ஊர்ல ரெண்டு பேர்தான் படிப்பாங்க. ஒண்ணு நான்." அவள் முகம் மலர்ந்தது. "உங்க விளக்கமெல்லாம் எனக்கு மனப்பாடம் சார். 'சைலன்ஸ்: சத்தம் ஓய்ந்தபின் மிஞ்சுவது.' எப்படி எழுதினீங்க அத? பொறாமையா இருக்கும்."

வந்த வேகம் அத்தனையும் ஸ்கூட்டர் டியூப் மாதிரி இறங்கிவிட்டது கத்திரிக்கு. ஆனாலும் விடக் கூடாது. பக்கத்தைத் திறந்து நீட்டினான்.

"இந்த வார்த்தைய எங்கேருந்து எடுத்தீங்க?"

அவள் எட்டிப் பார்த்தாள். "சோலிவகன்டா? அழகான வார்த்தை இல்ல? வேகபாண்ட் இருக்கே, ஊர் சுத்தி, அதுக்குப் பங்காளி. வேக்னு சொல்றமே, தெளிவில்லாதது, அதுவும் அந்தக் குடும்பம்தான். ஒரு எடத்துல நிக்காம அலையற பேச்சு. எல்லாத்துக்கும் மூலம் அதே அலைச்சல்."

"வம்சாவளி எனக்குத் தெரியும். எங்கேருந்து எடுத்தீங்க? எங்க அகராதிலேருந்தா?"

அவள் பக்கத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"அதுதான் உங்க கண்ணியா?"

கத்திரி தலையை ஆட்டினான்.

"கேஸ் போடப் போறீங்களா?"

"நாளைக்கு. நான் கையெழுத்துப் போட்டா."

அழுவாள் என்று எதிர்பார்த்தான். இல்லாவிட்டால் கத்துவாள் என்று. அவள் தலையிலிருந்து ஒரு பென்சிலை உருவி, சுவரைச் சுற்றிக் காட்டினாள்.

"எனக்கு ஒரே ஒரு சட்டம் சார். என் கண்ணால பாக்காத வார்த்தை உள்ள வரக் கூடாது. அதுவும் இன்னொரு அகராதில பாத்தாக் கணக்குல கிடையாது. எங்கயாவது வேலை செஞ்சுக்கிட்டு இருக்கறப்பப் பிடிக்கணும். கடுதாசில, பலகைல, பெட்டில... அதுக்காக ஊர் ஊரா அலைஞ்சேன். உங்க புத்தகத்துல இருக்கற எத்தனையோ வார்த்தை என்கிட்ட இல்ல. இன்னும் நேர்ல பாக்கல, அதான்."

"நீங்க கண்ணி வைக்கலையா?"

"ஒரு பொய் இருக்குன்னு தெரிஞ்சா மிச்சத்த யார் நம்புவா?"

சாதாரணமாகத்தான் சொன்னாள். குத்திக்காட்டக்கூட இல்லை. ஆனால் கத்திரிக்குக் கன்னத்தில் அறை விழுந்தது போலிருந்தது. அவன் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவனே கேட்டுக்கொண்டதில்லை.

"அப்ப அந்த வார்த்தைய..."

"ஃபோட்டோ இருக்கு. ஆனா ஃபோட்டோவ நம்பாதீங்க. நேர்லயே பாருங்க. நடந்து போற தூரம்தான்." செருப்பை மாட்டிக்கொண்டே கீழே குரல் கொடுத்தாள். "தம்பி! சார் வண்டிக்குக் காத்தடிச்சு வை!"

"ஓட்டை இல்லாத டியூபுக்கு எவ்வளவு அடிச்சாலும் நிக்குங்க்கா!" என்றான் தம்பி.

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஒரு பழைய கல்லறைத் தோட்டம். கேட்டின் ஒரு கதவு கழன்று மரத்தில் சாய்ந்திருந்தது. உள்ளே இடுப்பளவு புல். அவள் புல்லை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். கத்திரி பின்னால். மனசுக்குள் ஒரு குரல் நம்பாதே நம்பாதே என்றது. இன்னொரு குரல், நிஜமாக இருக்கட்டும் என்றது. இரண்டாவது குரல் அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. நிஜமாக இருந்தால் தோற்பது அவன் அல்லவா?

மூலையில் ஒரு கல். தலைப்பக்கம் உடைந்து, பெயர் போயிருந்தது. மிச்சத்தில் பாசி.

அவள் முந்தானை நுனியால் துடைத்தாள். எழுத்து ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. புதைக்கப்பட்டவர் நில அளவையாளர். வருடம் தெளிவாகத் தெரிந்தது. கத்திரியின் தாத்தாவே பிறந்திருக்க முடியாத வருடம். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி. அவன் முழங்காலிட்டு, கட்டைவிரலால் தடவித் தடவிப் படித்தான்.

'இம்மனிதர் சோலிவகன்ட். தனியே நடந்தார், மகிழ்ந்தே நடந்தார்.'

கல் செதுக்கினவன் இடத்தைச் சரியாகக் கணக்குப் போடவில்லை. சொல்லின் கடைசி இரண்டு எழுத்து வரியில் கொள்ளாமல், நெருக்கிக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. அந்தத் தடுமாற்றத்தைப் பார்த்ததும் கத்திரியின் கடைசிச் சந்தேகமும் போய்விட்டது.

கல்லறை அவன் அகராதியைப் பார்த்துக் காப்பி அடித்திருக்க முடியாது.

"இது நான் பண்ணின வார்த்தை" என்றான் முனகலாக. "நானா ஒட்டி, நானா..."

"ரெண்டு பேரும் ஒரே லத்தீன வச்சு, ஒரே மாதிரி ஒட்டினா ஒரே வார்த்தைதான சார் வரும்? முறையாப் பண்ணியிருக்கீங்க. அதான் மாட்டிக்கிட்டீங்க." அவள் சிரித்தாள். "எழுதறதுக்கு முன்னாடி பெரிய அகராதி எதுலயும் தேடிப் பாக்கலையா?"

"என் பிள்ளைய நானே பெத்தேன். அது வேற வீட்டுல இருக்கான்னு யாராவது தேடுவாங்களா?"

இதைச் சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் கல்லறைத் தோட்டத்தில் பைத்தியம் பிடித்தவர்கள் மாதிரிச் சிரித்தார்கள். பணிமனைச் சுவருக்கு மேலே ஒரு டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு அவசரமாகத் தலையை இழுத்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் கத்திரி மறுபடி அந்த வரியைப் பார்த்தான். மகிழ்ந்தே நடந்தார். இவ்வளவு நாள் அந்தச் சொல்லுக்கு ஏக்கம் என்றுதான் பொருள் சொல்லிக்கொண்டிருந்தான். அப்போது அவனுக்கு அது மட்டும்தான் தெரியும். முன்பின் பார்க்காத ஒரு நில அளவையாளருக்கு இன்னொன்று தெரிந்திருக்கிறது. கல்லில் வெட்டினதை நறுக்க அவனிடம் கத்திரி இல்லை.

ஏதோ யோசனையில் அவளிடம் விடைகூடச் சொல்லாமல் நடந்தே வீடு போய்ச் சேர்ந்தான். வாசலில் மனைவி கேட்ட பிறகுதான் ஸ்கூட்டர் ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை. முதலாளி அறை. வக்கீல் சோபாவில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டிருந்தார். மேஜையில் வாக்குமூலம். முதலாளி பேனா மூடியைத் தாமே கழற்றி நீட்டினார்.

"போடு."

"போட முடியாது சார்."

முதலாளியின் சிரிப்பு மறைந்தது. "என்ன, ஜுரமா?"

கத்திரி கைபேசியை எடுத்து மேஜையில் வைத்தான். கல்லறைத் தோட்டத்தில் அவன் எடுத்த கல்லின் படம்.

முதலாளி கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். "என்னய்யா இது, செத்தவனக் கொண்டுவந்து சாட்சிக்கு நிறுத்தறே?"

"'எனக்கு முன்னால எங்கயும் கிடையாது'ன்னு இதுல இருக்கு. இருக்கு சார். எங்க தாத்தாவுக்கு முன்னாலயே இருக்கு. பொய்ச் சத்தியம் நான் பண்ண மாட்டேன்."

"இந்தக் கல்லு யாருக்குத் தெரியும்? நீ வாய மூடிக்கிட்டிருந்தா..."

"அந்தம்மாவுக்குத் தெரியும். அவங்கதான் காட்டினாங்க."

"எதிரி வீட்டுக்கே போனியா! உன்ன நம்பி நான்... வேலை வேணுமா வேணாமாய்யா உனக்கு?"

"வேணும் சார். ஆனா இந்தக் கையெழுத்து இல்லாம."

வாக்குமூலத்தை வக்கீல் பக்கம் தள்ளினான்.

வக்கீல் கைபேசியை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினார். நிதானமாக வாக்குமூலத்தை எடுத்து நாலாக மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. கோர்ட்டுல இந்தப் படத்தக் காட்டினா கேஸ் அஞ்சு நிமிஷம் நிக்காது. அதுக்கப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் எந்திரிச்சு, 'இவங்களே கல்லறையப் பாத்துத் திருடினவங்கதான்'ம்பான். நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கறது?"

முதலாளி பேனாவுக்கு மூடியைப் போட்டார். மேஜையில் கிடந்த நீல அட்டையைப் பார்த்தார்.

"அந்தம்மா நல்லாத்தான் எழுதுதா?"

"நம்மள விட நல்லா, சார்."

"போய்த் தொலை." கத்திரி கதவுக்குப் போகும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "அடுத்த பதிப்புக்கு வேற கண்ணி ஒண்ணு பண்ணி வை!"

"பண்ண மாட்டேன் சார்" என்றான் கத்திரி திரும்பி நின்று. "அந்தக் கல்ல வச்சு இந்த வார்த்தைக்குப் பொருள மட்டும் திருத்தறேன்."

முதலாளி நீல அட்டையை மூடி அவன் பக்கம் தள்ளினார்.

சாயங்காலம் கத்திரி டயர் கடைக்குப் பஸ் ஏறவில்லை. நடந்தான். பழக்கடை, தையல் கடை, சாத்திய பள்ளிக்கூடம், பெஞ்சில் தூங்கும் காவலாளி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தான். ஒருத்தரும் கூட வரவில்லை. ஒரு குறையும் தெரியவில்லை.

அவள் கடை வாசலில் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்தே அங்கேதான் இருப்பாள் போலிருந்தது. அவனைக் கண்டதும் எழுந்தாள்.

"கேஸ் இல்ல" என்றான் கத்திரி.

"அக்கா!" என்று தம்பி உள்ளேயிருந்து பம்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். "சொன்னேன்ல, காத்து நிக்கும்னு!"

அவள் கண்ணை மூடி ஒரு நீண்ட மூச்சு விட்டாள். டயர் மேல் மறுபடி உட்கார்ந்தாள்.

"ஆனா..." என்றான் கத்திரி, ஸ்கூட்டர் பையிலிருந்து பச்சை அட்டையை உருவித் திறந்தபடி. "உங்க புத்தகத்துல ஒரு தப்பு இருக்கு."

"என்னது!"

கேஸ் என்றபோதுகூட அவள் முகம் இப்படி வெளுக்கவில்லை.

"நிடிஃபியூகஸ். பொரிஞ்ச உடனே கூட்ட விட்டு ஓடற குஞ்சு. அங்க போனா, 'நிடிகோலஸ் என்னும் சொல்லைப் பார்க்க'ன்னு போட்டிருக்கீங்க. அது கூட்டுலயே கிடக்கற குஞ்சு. அங்க போனா, 'நிடிஃபியூகஸ் என்னும் சொல்லைப் பார்க்க'ன்னு இருக்கு. ரெண்டு எடத்துலயும் பொருளே இல்ல. படிக்கறவன் சாகற வரைக்கும் ரெண்டு கூட்டுக்கும் நடுவுல அலைய வேண்டியதுதான்."

அவள் புத்தகத்தைப் பிடுங்கினாள். அந்தப் பக்கம், இந்தப் பக்கம், மறுபடி அந்தப் பக்கம். சிவப்பு வட்டத்தை வெறித்தாள்.

"அய்யய்யோ! வாத்துக் குஞ்சுக் கூண்டுல பலகையப் பாத்து, ஃபோட்டோ எடுத்து, விளக்கம்கூட எழுதினேனே சார்! எங்க போச்சு? தம்பி, பென்சில் எங்கடா?"

"தலையிலக்கா. மூணு இருக்கு."

ஒன்றை உருவினாள். "சார், ஸ்கூட்டர் எங்கயும் ஓடிடாது. மேல வாங்க. அந்த நிடிஃபியூகஸுக்கு நாலே வார்த்தைல ஒரு விளக்கம் வேணும். உங்கள மாதிரி நறுக்க எனக்கு வராது."

படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். கத்திரி சட்டைப் பையில் சிவப்புப் பென்சில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு, பின்னால் ஏறினான்.